கலங்கரை விளக்கங்களைப் படம்பிடித்தவர்

குதிரை வேகமாக ஓடும்போது அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்புகின்றனவா? பல காலமாக மக்கள் விவாதித்து வந்த இந்தக் கேள்விக்குப் புகைப்படங்களின் மூலம் விடை கண்டவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். திரைப்படத்தின் வரலாற்றைப் படிப்போர் அவருடைய பெயரைத் தொடக்கத்திலேயே காண்பர். ஆனால், குதிரைகளைப் படமெடுப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் பசிபிக் பெருங்கடலின் கரையோரமாக நெடும்பயணங்கள் மேற்கொண்டு, பாறைகளையும் துறைமுகங்களையும் கலங்கரை விளக்கங்களையும் படம்பிடித்தார். அந்தப் பயணங்களை மேற்கொண்டவர் நல்ல உடல்நிலையுடன் புறப்பட்டவர் அல்லர்; தலையில் கடுமையான காயம் பட்டு, சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர்.

இளமைப் பருவம்

மைபிரிட்ஜ் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் மக்கரிட்ஜ். அவருடைய தந்தை தானியமும் நிலக்கரியும் விற்ற வணிகர். மைபிரிட்ஜுக்கு 13 வயது நிறைவதற்குள்ளோ அதையொட்டியோ, 1843இல், தந்தை காலமானார்.

இருபது வயதை அடைந்தபோது அவருக்குச் சொந்த ஊர் சிறியதாகத் தோன்றியது. கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றார். முதலில் நியூயார்க் நகரில் புத்தக வணிகத்தில் ஈடுபட்டார். பிறகு 1855இல் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்று குடியேறினார். கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதால், உலகின் பல பகுதிகளிலிருந்து மக்கள் அந்நகருக்கு வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே அவர் ஒரு புத்தகக் கடையை நடத்தினார். நல்ல வணிகர், இனிமையாகப் பழகுபவர் என்று பெயர் பெற்றார்.

வாழ்க்கையை மாற்றிய விபத்து

1860இல் மைபிரிட்ஜ் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட முடிவு செய்தார். கப்பலில் செல்வதே அவருடைய திட்டம். ஆனால், அவர் செல்லவேண்டிய கப்பல் அவர் இல்லாமலேயே புறப்பட்டுவிட்டது. எனவே, தரைவழியாக அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடையலாம் என்று எண்ணி, ஜூலை மாதம் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியில் ஏறினார்.

அந்த வண்டி டெக்சாஸ் மாநிலத்தில் சென்றுகொண்டிருந்தபோது குதிரைகள் கட்டுக்கடங்காமல் ஓடின. வண்டி நொறுங்கியது. உயிரிழப்பும் ஏற்பட்டது. வண்டியிலிருந்து தூக்கி வீசப்பட்ட மைபிரிட்ஜின் தலையில் பலத்த அடி விழுந்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் ஸ்மித் என்னும் ஊரில் படுக்கையில் கிடந்தபோதுதான் அவருக்கு நினைவு திரும்பியது. விபத்துக்கு முன்பு உண்ட உணவுவரை நினைவில் இருந்தது. விபத்து எப்படி நடந்தது என்பது நினைவில் இல்லை.

கண் விழித்த பிறகும் துன்பம் ஓயவில்லை. ஒரு பொருளைப் பார்த்தால் அது இரண்டாகத் தெரிந்தது. உணவின் சுவையும் மணமும் அவருக்குத் தெரியாமல் போயின. சிந்தனை அடிக்கடி குழம்பியது. அங்கும் நியூயார்க்கிலும் சிகிச்சை பெற்ற அவர், பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். இலண்டனில் வில்லியம் கல் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அவருக்குச் சிகிச்சை அளித்தார். கடைக்குள் அடைந்து கிடக்காமல், திறந்த வெளியில் செய்யும் வேலையைத் தேர்ந்தெடுக்குமாறு அந்த மருத்துவரே அறிவுறுத்தினார் என்று கூறப்படுகிறது.

இங்கிலாந்தில் கழித்த ஆண்டுகளில் மைபிரிட்ஜ் சும்மா இருக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, 1861இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். புகைப்படக் கலையிலும் தேர்ச்சி பெற்றார். அமெரிக்காவைவிட்டுப் புத்தக வணிகராகச் சென்றவர், சில ஆண்டுகளுக்குப் பிறகு புகைப்படக் கலைஞராகச் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பினார். தம் படங்களை ஹீலியோஸ் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஹீலியோஸ் என்பது பண்டைய கிரேக்கர்களின் சூரியக் கடவுளின் பெயர். சூரிய ஒளியைக் கொண்டே படமெடுத்த ஒருவருக்கு அது பொருத்தமான பெயர்தான்.

கண்ணாடித் தட்டும் கறுப்புக் கூடாரமும்

இன்று நாம் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு நொடியில் படம் பிடித்துவிடுகிறோம். மைபிரிட்ஜின் காலத்தில் நிலைமை அவ்வாறு இல்லை. அன்று ஈரத்தட்டு முறை என்ற முறையே வழக்கில் இருந்தது. முதலில் ஒரு கண்ணாடித் தட்டை நன்கு துடைத்து, அதன்மீது கொலோடியன் என்னும் பசைபோன்ற திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டில் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். தட்டு காய்வதற்குள் அதைப் புகைப்படக் கருவியில் பொருத்திப் படமெடுத்து, உடனே மீண்டும் இருட்டுக்குக் கொண்டுசென்று உருத்துலக்க வேண்டும். இவை அனைத்தையும் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் செய்து முடிக்க வேண்டும். தட்டு காய்ந்துவிட்டால் அது பயன்படாது.

ஆகவே, வெளியூர் செல்லும் புகைப்படக் கலைஞர் ஓர் இருட்டறையையே தம்முடன் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. கனமான மரக்கருவி, முக்காலி, நூற்றுக்கணக்கான கண்ணாடித் தட்டுகள், இரசாயனப் புட்டிகள், கறுப்புக் கூடாரம், கழுவுவதற்குத் தண்ணீர் ஆகியவை அவருடைய மூட்டை முடிச்சுகள்.

கடற்கரையில் இந்த வேலை மேலும் கடினமானது. காற்றில் பறந்துவரும் மணல் ஈரத்தட்டில் ஒட்டிக்கொள்ளும். உப்புநீர்த் திவலை பட்டால் தட்டில் கறை படியும். கூடாரம் காற்றில் படபடக்கும். கருவி சற்று அசைந்தாலும் படம் மங்கிவிடும். நிலையாக நிற்காத கப்பல் தளத்திலிருந்து தெளிவான படம் எடுப்பது அரிது என்பதால், சிறு படகில் கண்ணாடித் தட்டுகளை ஏற்றிக் கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைதேர்ந்த, உடல் நலமுள்ள ஒருவருக்கே இவை சோதனைகள். தலைக்காயத்தின் விளைவுகளைச் சுமந்துகொண்டிருந்த மைபிரிட்ஜ் இந்தப் பணியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

வானத்தைப் படமெடுப்பதும் அன்று ஒரு சிக்கலாக இருந்தது. ஈரத்தட்டு நீல நிற ஒளியை மிக விரைவாக ஏற்றுக்கொள்ளும். அதனால் நிலம் தெளிவாகப் பதிவாகும்போது வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகங்கள் காணாமல் போகும். மைபிரிட்ஜ் இதற்கு ஒரு தீர்வு கண்டார். படத்தின் மேற்பகுதியில் விழும் ஒளியை மட்டும் குறைக்கும் மறைப்பு ஒன்றை 1869இல் அறிமுகப்படுத்தினார். சில வேளைகளில் மேகங்களைத் தனியாகப் படமெடுத்து, அவற்றை நிலக்காட்சியுடன் சேர்த்தும் அச்சிட்டார்.

அவர் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இரட்டைப் படங்கள். ஒரே காட்சியைச் சற்றே இடம் மாறிய இரண்டு வில்லைகளால் எடுத்து, அவ்விரு படங்களையும் ஓர் அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டுவார்கள். அதற்கென உள்ள கண்ணாடிக் கருவியின் வழியே பார்த்தால், இரண்டும் ஒன்றாக இணைந்து, காட்சி ஆழத்தோடு தெரியும். விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் இரண்டாகக் கண்டு தவித்த ஒருவர், இரண்டு படங்களை ஒரே காட்சியாக்கும் கலையில் வல்லவரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

வட திசைப் பயணம்

1867இல் அமெரிக்கா அலாஸ்காவை இரஷ்யாவிடமிருந்து விலைக்கு வாங்கியது. அந்தப் பனி நிலம் எப்படி இருக்கும் என்பது அமெரிக்க மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு இராணுவ அதிகாரிகள் அங்கே சென்றபோது, மைபிரிட்ஜும் நீராவிக் கப்பலில் அவர்களுடன் பயணம் செய்தார். சிட்கா துறைமுகத்தையும், கடலோரக் கோட்டைகளையும், அப்பகுதியின் பழங்குடியினரான திலிங்கித் மக்களையும் அவர் படமெடுத்தார். அலாஸ்காவைக் காட்டும் மிகப் பழைய புகைப்படங்களுள் அவை அடங்கும்.

கலங்கரை விளக்கங்களைத் தேடி

1871இல் அவருக்கு மற்றொரு முக்கியமான பணி கிடைத்தது. அமெரிக்க அரசாங்கத்தின் கலங்கரை விளக்க வாரியம், பசிபிக் கடற்கரையில் உள்ள கலங்கரை விளக்கங்களைப் படமெடுக்க அவரை அமர்த்தியது. வாரியத்தின் ஷூப்ரிக் என்னும் நீராவிக் கப்பலில் அவர் பயணம் செய்தார்.

அந்தக் கடற்கரை அழகானது, ஆனால் ஆபத்தானது. கூர்மையான பாறைகளும் திடீரென்று சூழும் மூடுபனியும் பல கப்பல்களைப் பலி வாங்கியிருந்தன. இரவில் மாலுமிகளுக்கு வழிகாட்ட எழுப்பப்பட்டவையே அந்தக் கலங்கரை விளக்கங்கள். கப்பல்களின் பார்வைக்குத் தெரியவேண்டும் என்பதால், அவை மனிதர்கள் எளிதில் சென்றடைய முடியாத முனைகளிலும் தீவுகளிலும் அமைந்திருந்தன.

அவற்றுள் ஒன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள பாயிண்ட் ரேயஸ் கலங்கரை விளக்கம். மைபிரிட்ஜ் அதைப் படமெடுத்தபோது அது கட்டப்பட்டு ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. பசிபிக் கரையிலேயே காற்றும் மூடுபனியும் மிகுந்த இடங்களுள் அதுவும் ஒன்று. மூடுபனி பெரும்பாலும் உயரத்திலேயே படரும் என்பதால், கலங்கரை விளக்கத்தைக் குன்றின் உச்சியில் கட்டாமல், செங்குத்தான சரிவில் கீழிறங்கிக் கட்டியிருந்தார்கள். அங்கே கண்ணாடித் தட்டுகளையும் இரசாயனப் புட்டிகளையும் உடையாமல் இறக்கி, காற்று ஓயும் தருணத்திற்காகக் காத்திருந்து படமெடுக்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 43 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு நடுவே ஃபாரலான் தீவுகள் இருக்கின்றன. மரங்களற்ற அந்தப் பாறைத் தீவுகளில் கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. மைபிரிட்ஜ் கலங்கரை விளக்கத்தோடு நின்றுவிடாமல், அங்குள்ள உயிரினங்களையும் அலைகள் மோதும் பாறைகளையும் படமெடுத்தார். அன்றைய கருவிகளால் அசையும் அலையைக் கூர்மையாகப் பதிவு செய்வது கடினம். பல படங்களில் அலைகள் வெண்புகைபோலவே தெரியும். அசைவதை அசையாமல் பிடித்து நிறுத்துவது எப்படி என்ற கேள்வி, பின்னாளில் அவருடைய வாழ்நாள் கேள்வியாகவே மாறியது.

ஆறாத காயம்

கண்பார்வை நாளடைவில் சீரடைந்தது. ஆனால், விபத்து அவருடைய இயல்பை மாற்றிவிட்டது என்று அவரை முன்பே அறிந்த நண்பர்கள் கூறினார்கள். இனிமையாகப் பழகியவர் எளிதில் கோபப்படுபவராக மாறினார். உடையில் கவனம் குறைந்தது. தமக்குப் பிடிக்காத காட்சியைப் பணம் கொடுத்தாலும் படமெடுக்க மறுத்தார். ஆபத்தைப் பற்றிய அச்சமும் குறைந்ததுபோல் காணப்பட்டது. 1872இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஆழமான பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் நுனியில் கால்களைத் தொங்கவிட்டபடி அவர் அமர்ந்திருக்கும் படம் இன்றும் இருக்கிறது. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி அவருக்குப் பாதிப்படைந்திருக்கலாம் என்று இக்காலத்து ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர்.

அவருடைய வாழ்க்கையில் மிகவும் இருண்ட நிகழ்வு 1874இல் நடந்தது. மனைவி ஃபுளோராவுக்கும் ஹாரி லார்கின்ஸ் என்பவருக்கும் இடையே உறவு இருந்ததை அறிந்த மைபிரிட்ஜ், அந்த மனிதரைத் தேடிச் சென்று சுட்டுக் கொன்றார். 1875ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. தலையில் பட்ட காயத்தால் அவருடைய மனநிலை பாதிக்கப்பட்டிருந்தது என்று அவருடைய வழக்கறிஞர்கள் வாதாடினர். நடுவர் குழுவினர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும், அவர் செய்தது நியாயமானதே என்று கூறி அவரை விடுவித்தனர். இத்தகைய தீர்ப்பை இன்றைய சட்டம் ஏற்காது. கோபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஓர் உயிரைப் பறிக்க அது காரணமாகாது. அந்த ஆண்டே ஃபுளோராவும் நோயுற்று இறந்தார். அவர்களுடைய சிறு மகன் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தான். ஒருவருடைய செயலால் பல வாழ்க்கைகள் சிதைந்தன.

மீண்டும் கடலோரம்

வழக்கு முடிந்த சில வாரங்களில் மைபிரிட்ஜ் மீண்டும் கப்பல் ஏறினார். இம்முறை அவர் தெற்கு நோக்கிச் சென்றார். பசிபிக் கரையோரமாகப் பயணிகளையும் சரக்குகளையும் ஏற்றிச்சென்ற ஒரு கப்பல் நிறுவனத்திற்காக, பனாமாவிலும் குவாத்தமாலாவிலும் அவர் படமெடுத்தார்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அந்நாடுகளில் வேறு வகையான சிக்கல்கள் எழுந்தன. வெப்பத்தால் தட்டு விரைவில் காய்ந்துவிடும் என்பதால், வேலையை இன்னும் விரைவாக முடிக்க வேண்டியிருந்தது. இருப்பினும் துறைமுகங்கள், பழைய தேவாலயங்களின் இடிபாடுகள், தோட்டங்கள், உழைக்கும் மக்கள் என எல்லாவற்றையும் அவர் பதிவு செய்தார். காப்பிச் செடியை நடுவது முதல் காப்பிக் கொட்டைகளைக் கப்பலில் ஏற்றுவதுவரை உள்ள வேலைகளைப் படிப்படியாகப் படமெடுத்தார். ஒரு செயலைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் இந்த முறை, அவருடைய பிற்காலப் பணிக்கு முன்னோட்டம்போல அமைந்தது.

ஓடும் குதிரை

கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் செல்வந்தருமான லீலண்ட் ஸ்டான்ஃபர்ட் குதிரைகளை வளர்ப்பதில் ஆர்வம் மிக்கவர். ஓடும் குதிரையைப் படமெடுக்குமாறு 1872இலேயே அவர் மைபிரிட்ஜைக் கேட்டிருந்தார். இடையில் தடைப்பட்ட அந்த முயற்சி பிறகு தொடர்ந்தது. 1878ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாலோ ஆல்டோவில், ஓடுபாதையின் ஓரமாகப் 12 புகைப்படக் கருவிகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பாதையின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. குதிரை ஓடும்போது ஒவ்வொரு நூலும் அறுந்து, அதனோடு இணைந்த கருவியை இயக்கியது. ஒவ்வொரு படமும் கண் இமைக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு குறைந்த நேரத்தில் பதிவானது. குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைத் தொடாமல் இருப்பதை அந்தப் படங்கள் ஐயமின்றிக் காட்டின.

அடுத்த ஆண்டு, சுழலும் கண்ணாடி வட்டில் வரையப்பட்ட உருவங்களை ஒளியின் உதவியால் திரையில் அசையச் செய்யும் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். பின்னர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் மனிதர்களும் விலங்குகளும் அசையும் விதத்தை விரிவாகப் படமெடுத்தார். 781 பக்கத் தட்டுகளைக் கொண்ட அந்தத் தொகுப்பு 1887இல் வெளிவந்தது. ஓவியர்களும் மருத்துவர்களும் விலங்கியல் அறிஞர்களும் அதைப் பயன்படுத்தினர்.

தாய்மண்ணில் இறுதி நாள்கள்

முதுமையில் மைபிரிட்ஜ் தாம் பிறந்த கிங்ஸ்டனுக்கே திரும்பினார். 1904ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அங்கே காலமானார். தம்முடைய கருவிகளையும் படங்களையும் அந்த ஊருக்கே விட்டுச் சென்றார்.

மைபிரிட்ஜின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவரைக் குறையற்ற மனிதராகப் போற்றவும் முடியாது. வெறும் குற்றவாளியாக ஒதுக்கவும் முடியாது. தலையில் பட்ட காயம் அவரிடமிருந்து பலவற்றைப் பறித்தது. அந்தக் காயத்தோடுதான் அவர் மணலும் காற்றும் மூடுபனியும் நிறைந்த கரைகளில் பொறுமையாக உழைத்தார். அதே மனிதர்தான் ஒரு கணக் கோபத்தில் திருத்த முடியாத தவற்றையும் செய்தார். கண்ணுக்குத் தெரியும் காயத்திற்கு நாம் மருந்து இடுகிறோம். மனத்திலும் மூளையிலும் படும் காயம் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆனால், அதற்கும் மருத்துவமும் அன்பும் துணையும் தேவை. அத்தகைய துணை மைபிரிட்ஜின் காலத்தில் எளிதில் கிடைக்கவில்லை. இன்று நம்மைச் சுற்றியுள்ளவர்களில் யாருக்கேனும் அது தேவைப்பட்டால், அதைக் கவனிப்பதும் உதவுவதும் நம் கடமையாகும்.

அவர் படமெடுத்த பாயிண்ட் ரேயஸ் கலங்கரை விளக்கம் இன்றும் அதே சரிவில் நிற்கிறது. அதைக் காணச் செல்வோர் முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிச் செல்கின்றனர். கனமான மரக்கருவியோடும் கண்ணாடித் தட்டுகளோடும் 1871இல் ஒருவர் அந்தச் சரிவில் செய்த வேலை எத்தகையது என்பதை, அந்தப் படிகளில் மீண்டும் ஏறி வரும்போது அவர்களால் உணர முடியும்.